பங்கு இறைச்சியும் மூன்று மணித்தியாலமும்

பண்டத்தரிப்பிலும் அதைச் சுற்றியுள்ள வலிகாமக் கிராமங்களிலும் ஆட்டிறைச்சி கடையில் நிறுத்து வாங்கும் பொருளாக மட்டும் இருந்ததில்லை. சில வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயை விலைபேசி வாங்கி, அடித்து, பங்கு போடுவார்கள். இறைச்சியைக் குவியல் குவியலாகப் பிரிக்கும்போது ஒரு நியாயம் கவனமாகக் காக்கப்படும். எந்தக் குவியலிலும் தொடை மட்டும் இருக்காது. எந்தக் குவியலிலும் எலும்பு மட்டும் இருக்காது. ஈரலில் ஒரு துண்டு, நெஞ்செலும்பில் ஒன்று, கழுத்தில் ஒன்று, முன்னங்காலில் கொஞ்சம், பின்தொடையில் கொஞ்சம், கொழுப்பில் ஒரு கட்டி என எல்லாம் எல்லாருக்கும் போய்ச் சேரும்.

பங்கு நியாயமானது. சமைப்பவருக்குத்தான் சிக்கல். ஒரே சட்டிக்குள் ஆட்டின் உடம்பு முழுவதும் வந்து விழுகிறது. வேலியோரக் குழைக்கு எட்டி எட்டி நின்ற கால், தலையைத் தாங்கிய கழுத்து, அதிகம் வேலை செய்யாத முதுகோரத் தசை ஆகியவை வேகும் காலம் ஒன்றல்ல. முதுகுத் துண்டு பதமாகும் நேரத்தில் கழுத்து கடிபடாது. கழுத்து பதமாகும்வரை பெருநெருப்பில் கொதிக்கவிட்டால் முதுகுத் துண்டு வறண்டு தும்புதும்பாகிவிடும். எனக்குத் தெரிந்த நல்ல விடை, குறைந்த சூட்டில் நெடுநேரம் விடுவது. மூடிய மண்சட்டியை ஓவனுக்குள் வைத்து மூன்று மணித்தியாலம் தொடாமல் விடுவது அதற்கு இலகுவான வழி. அது ஏன் பலிக்கிறது என்று அறியத் தசைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால்வாசி நீர். மிகுதியில் பெரும்பங்கு புரதம். அந்தப் புரதத்தில் நமக்கு வேண்டியவை இரண்டு வகை. முதலாவது, சுருங்கி விரிந்து ஆட்டை நடக்கவைத்த நார்கள். அவற்றிலுள்ள மயோசின் என்ற புரதம் 50 பாகை செல்சியசைத் தாண்டியதும் உருக்குலையத் தொடங்கும். அக்டின் என்ற மற்றப் புரதம் 65இலிருந்து 80 பாகைக்குள் உருக்குலையும். இவை இறுகும்போது தங்களுக்குள் பிடித்துவைத்திருந்த நீரை வெளியே தள்ளுகின்றன. இரண்டாவது, அந்த நார்களைக் கட்டுக்கட்டாகச் சுற்றியிருக்கும் உறை. அதன் பெயர் கொலாஜன். தசைநாணும் சவ்வும் தோலும் அதனால் ஆனவை. கூடுதலாக வேலைசெய்த தசையில் இந்த உறை தடிப்பாக இருக்கும். வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கிடையில் வெப்பத்துக்கும் இலேசில் விட்டுக்கொடுக்காத குறுக்குப் பிணைப்புகள் கூடும். கிழட்டு ஆடு வேகாததற்குக் காரணம் இந்தப் பிணைப்புகள்தான்.

கொலாஜனின் உருவத்தைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் நேச்சர் சஞ்சிகையில் கொலாஜனின் அமைப்பை வெளியிட்டார். 1955இல் அதைத் திருத்தி மேம்படுத்தினார். அவர்கள் எக்ஸ்-கதிரால் படமெடுத்தது கங்காருவின் வால் தசைநாணை. அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் அது அவர்களுக்குக் கிடைத்தது. தோல் பதனிடுவதும் இறைச்சி சமைப்பதும் ஒரே புரதத்தோடு எதிரெதிராக மல்லுக்கட்டும் தொழில்கள். ஒன்று கொலாஜனைக் கரையவிடாமல் காக்கப் பார்க்கிறது, மற்றது கரைக்கப் பார்க்கிறது. இராமச்சந்திரன் கண்ட உருவம் மூன்று புரிகளை முறுக்கித் திரித்த தும்புக் கயிற்றைப் போன்றது. ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது மூன்றாவதாக வரும் அமினோ அமிலம் கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான். அது இருக்கும் இடத்தில்தான் மூன்று புரிகளும் நெருங்கி நடுவில் ஒட்டிக்கொள்ள முடியும்.

இப்படியான விடயங்களைத் தமிழில் எழுதுவது யாழ்ப்பாணப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியம் செய்யத் தொடங்கினார். பின்னால் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். இரசாயனவியலைச் சொல்லும் அவரது ‘கெமிஸ்தம்’ 1875இல் வந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னமே இரசாயனம் தமிழில் அச்சேறிய மண்ணில், கறிச்சட்டிக்குள் நடக்கும் இரசாயனத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

சரி, சட்டியை அடுப்பில் ஏற்றுவோம். இறைச்சியின் உள்சூடு 60 பாகையைத் தாண்டியதும் கொலாஜன் உறை சுருங்கத் தொடங்கும். சுருங்கும் உறை உள்ளிருக்கும் நார்களை நெரிக்கும். நீர் இன்னும் வெளியேறும். அரை மணித்தியாலத்தில் எடுத்துக் கடித்தால், பச்சையாக இருந்ததைவிட இறைச்சி கடினமாகி இருக்கும். இங்கேதான் பலர் பயந்து நெருப்பைக் கூட்டுகிறார்கள். பொறுக்க வேண்டிய இடமும் இதுதான். 70 பாகைக்கு மேல் முப்புரி மெல்ல அவிழ்கிறது. அவிழ்ந்த புரிகள் நீரில் கரைந்து ஜெலற்றின் ஆகின்றன. நார்கள் இழந்த ஈரத்துக்குப் பதிலாக, நார்களுக்கிடையில் வழுவழுப்பான ஜெலற்றின் வந்து படிகிறது. உண்மையில் நீர் குறைந்த இறைச்சிதான், ஆனாலும் வாய்க்கு ஈரமாகத் தெரிகிறது.

இந்த அவிழ்தல் வெப்பநிலையையும் நேரத்தையும் சேர்த்தே பார்க்கும். 70 பாகையை ஒட்டி வைத்திருந்தால் அது இரவு முழுக்க நடக்கும் வேலை. 90ஐத் தாண்டினால் இரண்டு மூன்று மணித்தியாலம். பிறஷர் குக்கருக்குள் 120 பாகையில் அரை மணித்தியாலம் போதும். குக்கரை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போய்வந்து சமைப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தச் சூட்டில் நார்கள் மேலும் நெரிபட்டு, பங்கிலுள்ள மென்மையான துண்டுகள்தான் முதலில் கெடும்.

அடுப்பைப் பற்றி ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு கிலோ இறைச்சி, முக்கால் லீற்றர் இரண்டாம்பால், மண்சட்டி எல்லாவற்றையும் 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 500 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே சட்டியிலிருந்து ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். நாலு மடங்குக்கும் கூட! தளதளவென்று கொதிக்கவிட்டு, வற்ற வற்ற நீர் ஊற்றிச் சமைக்கிறவர் எரிக்கும் விறகில் பெரும்பகுதி கூரை வழியாக ஆவியாகப் போகிறது. நீர் கொதிக்கும் வெப்பநிலை 100 பாகைதான். நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டிக்குள் அது மேலே ஏறாது. பெருங்கொதியும் சிறுகொதியும் கழுத்து இறைச்சிக்கு ஒன்றே. வித்தியாசமெல்லாம் விறகுக்கும், துண்டுகள் மோதி உடைவதற்கும்தான். 1990களில் மின்சாரமில்லாமல் மண்ணெண்ணெய்க்கு அலைந்த யாழ்ப்பாணத்துக்கும், 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டையும் காஸ் தட்டுப்பாட்டையும் கண்ட இலங்கைக்கும் இந்தக் கணக்கு பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்க வேண்டியதல்ல.

ஆட்டிறைச்சியை வைத்து வெப்பத்தை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரரான டெனிஸ் பாப்பின் 1679இல் இலண்டன் றோயல் சொசைற்றிக்கு ஓர் இறுக்கமூடிப் பாத்திரத்தைக் காட்டினார். இன்றைய பிறஷர் குக்கரின் மூதாதை அது. 1682இல் அதில் சமைத்த விருந்தில் மாட்டு எலும்பும் ஆட்டு எலும்புமே மென்மையாகியிருந்ததை ஜோன் எவெலின் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் பெஞ்சமின் தொம்சன், றம்ஃபோர்ட் பிரபு என்று அறியப்பட்டவர், நேரெதிர் வழியில் போனார். பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது உரசலால் வெப்பம் ஓயாமல் பிறப்பதைக் கண்டு, வெப்பம் ஒரு பொருளல்ல, அசைவின் ஒரு வகை என்று 1798இல் வாதிட்டவர் அவர். ஜேர்மனியின் மியூனிக்கில் உருளைக்கிழங்கு உலர்த்துவதற்காகச் செய்த அடுப்பில் செம்மறியாட்டின் முன்சந்து ஒன்றை வைத்து வேகுமா என்று பார்த்தார். மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகும் வேகவில்லை. சமையற்காரப் பெண்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர்கள் அதை எடுக்காமல் இரவு முழுக்க உள்ளேயே விட்டுவிட்டார்கள். காலையில் திறந்தால், இறைச்சி நன்றாக வெந்து, அருமையான சுவையோடு இருந்தது.

1969இல் ஒக்ஸ்போர்ட் பௌதிகவியலாளர் நிக்கலஸ் குர்ட்டி, இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் ஆற்றிய உரைக்காக றம்ஃபோர்டின் இந்தச் சமையலைத் திரும்பச் செய்தார். இரண்டு கிலோ ஆட்டிறைச்சி, 80 பாகை, எட்டரை மணித்தியாலம். முடிவில் துண்டின் உள்ளும் வெளியும் ஏறத்தாழ 75 பாகை. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசமில்லை! வாழ்நாள் முழுக்கத் தனிப்பூச்சியத்துக்கு மிக அருகிலான குளிரை ஆராய்ந்த ஒருவர் 80 பாகையில் ஓர் ஆட்டுச்சந்தை நாள் முழுக்கக் காத்திருந்து சமைத்தது எனக்குப் பிடித்த விஞ்ஞானக் கதைகளில் ஒன்று. பங்கு இறைச்சிக்கு வேண்டியதும் அதுவே. எல்லாத் துண்டும், எல்லாப் பக்கமும், ஒரே சூட்டில்.

அந்த ஒரே சூட்டை அடுப்பில் பிடிப்பது கடினம். அடுப்பு அடியிலிருந்து மட்டும் சூடாக்குகிறது. ஜெலற்றின் இறங்கக் குழம்பு தடிக்கும். தடித்த குழம்பு அடியில் சுழலாமல் தங்கும். அந்த இடத்தில் நீர் வற்றி அடிப்பிடிக்கும். அதைத் தடுக்க அகப்பையால் கிளறினால் பதமான துண்டுகள் உடையும். ஓவனுக்குள் வெப்பம் நாலு பக்கத்தாலும் வருகிறது. கிளறத் தேவையில்லை. மூடியை இறுக்கிக் கட்டித் தணலை மேலும் கீழும் போடும் தம் சமையலின் நியாயமும் இதுவே. பிரான்சின் அல்சாஸ் பகுதியில், ஆட்டிறைச்சி உட்பட மூன்று வகை இறைச்சியை மண்பாத்திரத்தில் அடுக்கி, மாவால் மூடியை ஒட்டி, பாண் சுடுகிறவரின் போறணைக்குக் கொடுத்துவிடும் பழைய வழக்கம் உண்டு. போறணைச் செங்கல் பாண் வெந்த பிறகும் பல மணித்தியாலம் சூட்டை வைத்திருந்து மெல்ல மெல்ல ஆறும். விறகுப் போறணை வைத்த வெதுப்பகங்கள் நம் ஊர்களிலும் உண்டு. பாண் இறக்கிய பின் வீணாகும் அந்தச் சூடு ஒரு நல்ல வளம்.

வீட்டில் செய்யும் முறை இது. ஈரலை முதலில் பிரித்துவிடுங்கள். அதில் கொலாஜன் குறைவு. மூன்று மணித்தியாலத்தில் மண்போல் உதிரும். அதற்குக் கடைசி இருபது நிமிடம் போதும். மற்றத் துண்டுகளை உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டி ஒரு மணித்தியாலம் வைத்தால், உப்பு நாருக்குள் இறங்கி மயோசினில் ஒரு பகுதியைக் கரைக்கும். அந்த நார் கொஞ்சம் கூடுதலாக நீரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சட்டியில் எண்ணெய் விட்டுச் சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, இரம்பை தாளித்து, இறைச்சியைப் போட்டு நன்றாக வதக்க வேண்டும். இதைத் தவறவிடக் கூடாது. 1912இல் லூயி கமில் மயார் விளக்கிய தாக்கம், சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பு நிறமும் பொரித்த மணமும் தருவது, 100 பாகைக்குள் மிக மெதுவாகத்தான் நடக்கும். குழம்புக்குள் மூழ்கிய இறைச்சிக்கு அந்த மணம் கிடைக்காது. யாழ்ப்பாணச் சமையல் இந்தக் குறையை வேறொரு வழியில் நிரப்பியிருக்கிறது. மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் கருகாமல் சிவக்க வறுத்து இடித்த நம் கறித்தூளுக்குள் அந்த வறுத்த மணம் முன்னமே ஏறியிருக்கிறது. வெளுத்த தூளைப் போட்டு இதைச் சமைத்துப் பார்த்தால் கறியின் பாதி காணாமல் போயிருக்கும்.

தூள் போட்டு, இரண்டாம்பால் இறைச்சி முக்கால்வாசி மூழ்கும் அளவுக்கு விட்டு, அடுப்பிலேயே ஒரு கொதி வரவிடுங்கள். குளிர்ந்த சட்டியை நேரே சூடான ஓவனுக்குள் தள்ளினால் இரண்டு கேடு. மண்சட்டி வெடிக்கலாம், இறைச்சியும் கிருமி பெருகும் இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கும். கொதி வந்ததும் மூடி, 120 முதல் 130 பாகையில் வைத்த ஓவனுக்குள் கொண்டுபோய் வைக்கலாம். வெளியே காற்று 130 ஆனாலும் சட்டிக்குள் 100ஐத் தாண்டாது. மூடியைக் கீற்றளவு விலக்கி வைத்தால், ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துப் போவதால் உள்சூடு இன்னும் சில பாகை குறையும். எனக்கு அந்த முறையே பிடிக்கும். மண்சட்டியைவிட அலுமினியம் நூறு மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மண் மெதுவாகக் கடத்துவது இங்கே நன்மையே. ஓவனின் கம்பி பற்றியும் அணைந்தும் வரும்போது ஏறி இறங்கும் சூட்டை மண்சட்டியின் சுவர் தாமதப்படுத்திச் சமமாக்கிவிடும். புதுச்சட்டியானால் முதலில் பழக்கி எடுக்க மறக்கக் கூடாது.

இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை பார்க்கலாம். கழுத்துத் துண்டை முள்ளுக்கரண்டியால் குத்தித் திருப்பும்போது எலும்பு தானாகக் கழரத் தொடங்கினால் சரி. இல்லாவிட்டால் இன்னும் அரை மணித்தியாலம். முதிர்ந்த ஆடு நாலு மணித்தியாலமும் கேட்கும். அப்படிப்பட்ட ஆட்டுக்குப் பப்பாசிக்காய்த் துண்டு போடுவது பழைய கைவழக்கம். அதிலுள்ள பப்பேன் என்ற நொதியம் புரதத்தை வெட்டும். 60, 70 பாகையில்தான் அது மும்முரமாக வேலை செய்யும். கொதிநிலையை நெருங்கினால் அழிந்துவிடும். மெதுவாகச் சூடேறும் சட்டியில் அதற்குக் கூடுதல் நேரம் கிடைப்பதால், போடும் அளவைக் குறைக்க வேண்டும். அளவு மிஞ்சினால் இறைச்சி களியாகிவிடும்.

கிடாயின் வாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கொழுப்பில் இருக்கிறது. 4-எதைல் ஒக்டனோயிக் அமிலம் முதலான கிளைவிட்ட கொழுப்பமிலங்களை நம் மூக்கு மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். நலமடிக்காத கிடாயில் அவை கூடுதல். வெட்டிய கொழுப்பில் பாதியை நீக்கிவிட்டால் வாடை குறையும். முழுவதையும் நீக்கினால் ஆட்டின் ருசியும் போய்விடும்.

கடைசி அரை மணித்தியாலம் கைப்பக்குவம் தெரியும் நேரம். முதற்பாலை முன்கூட்டியே விட்டால் திரைந்துவிடும். தேங்காய்ப்பாலின் கொழுப்புத் துளிகளைப் பிரிந்துபோகாமல் பிடித்துவைத்திருக்கும் புரதங்கள் 80 பாகையைத் தாண்டியதும் திரளத் தொடங்கும். ஆகவே ஓவனை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன் விட வேண்டும். ஏலம், கராம்பு, கறுவா, பெருஞ்சீரகம் சேர்ந்த சரக்குத்தூளும் அப்போதுதான். அவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. மூன்று மணித்தியாலம் முன்னே போட்டால் மணம் வீட்டுக்குத்தான் கிடைக்கும், கறிக்குக் கிடைக்காது. ஓவன் என்ற கருவியை அறியாத சமையற்காரிகள் வகுத்த இந்த வரிசையை ஒரு இரசாயன ஆய்வுகூடம் இன்று திருத்த ஒன்றும் இல்லை. தேசிக்காய்ப்புளி சட்டியை வெளியே எடுத்த பிறகு.

ஓவன் இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு. 1867 பாரிஸ் கண்காட்சியில் நோர்வேக்காரர்கள், கொதித்த பாத்திரத்தை வெப்பம் கடத்தாத பெட்டிக்குள் மூடிவைத்து அடுப்பில்லாமலே வேகவைக்கும் கருவியைக் காட்டினார்கள். நன்றாகக் கொதித்த சட்டியைச் சாக்கும் வைக்கோலும் அடைந்த பெட்டிக்குள் இறுக்கி மூடினால் நீண்ட நேரத்துக்குச் சூடு நிற்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்துத் திரும்பக் கொதிக்கவைத்து வைக்க வேண்டும். 60 பாகைக்குக் கீழ் இறங்க விடக் கூடாது. ஊமலும் பனைமட்டையும் எரிக்கும் அடுப்பில், எரிந்து முடிந்த தணலின் மேல் சட்டியை விட்டுவைப்பதும் இதே வேலையைச் செய்யும். சட்டியின் மூடி கனமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

மறுநாள் கறியின் ருசி கூடும் என்று எல்லாரும் சொல்வது உண்மை. ஆறும்போது குழம்பின் உப்பும் காரமும் துண்டுகளுக்குள் இறங்குகின்றன. ஜெலற்றின் குழம்பைத் தடிப்பாக்குகிறது. ஜெலற்றின் கட்டி 30 பாகையைத் தாண்டினால் இளகிவிடும். ஆகவே தை மாத விடியலில் சட்டியைத் திறந்தால் குழம்பு கட்டியாக நிற்கும். சித்திரை வெயிலில் அதே கறி தண்ணியாகத் தெரியும். சமைத்ததில் பிழை ஒன்றுமில்லை. எந்த மாதமானாலும் இரவு முழுக்க வெளியே வைப்பது கூடாது. கொதியிலும் சாகாத வித்திகளைக் கொண்ட குளொஸ்ரிடியம் பேர்பிரிஞ்சன்ஸ் என்ற பக்ரீரியாவுக்கு மெல்ல ஆறும் பெரிய இறைச்சிச் சட்டி மிகவும் பிடித்த இடம். சாப்பிட்டு முடிந்ததும் மிச்சத்தை அகலமான பாத்திரங்களுக்குப் பிரித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் பாணுக்கோ இடியப்பத்துக்கோ எடுக்கும்போது முழுவதும் கொதி வரும்வரை சூடாக்குங்கள். சட்டியில் ஒட்டிய குழம்புக்குள் சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்ன நினைப்பவர்கள் அதை முதல்நாளே, சட்டி சூடாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.